தாத்தாவோட ஷேவிங் செட்டைப் புளி போட்டுத் தேய்க்கலாமா?

#1 ரங்கூன்பேரன் – தாம்வே, யாங்கோன்

எல்லாருக்கும் வணக்கம். வீடு மாத்துறப்ப தாத்தாவோட ட்ரங்குப் பெட்டியில ரெண்டு பழைய ஷேவிங் செட் கிடைச்சுது. ஒண்ணு மூணு துண்டாக் கழட்டுறது. மேல் மூடி, அடித்தட்டு, கைப்பிடி. தட்டுல ஜில்லெட்னு முத்திரை, அதுக்குக் கீழ மேட் இன் இங்கிலாந்து. கைப்பிடியில அங்கங்க தங்கமா மின்னுது, விரல் படுற இடமெல்லாம் தேஞ்சு பித்தளை தெரியுது. மரையைச் சுத்திப் பச்சைக் களிம்பு. உள்ள துருப்பிடிச்ச பிளேடு ஒண்ணு அப்படியே ஒட்டிக்கிட்டிருக்கு.

இன்னொண்ணு ஒரே துண்டு. அடியில இருக்கற குமிழைத் திருப்பினா மேல ரெண்டு கதவு திறக்கற வகை. ஆனா குமிழ் அசையவே மாட்டேங்குது.

"புளியும் சாம்பலும் கொண்டா, அஞ்சு நிமிசத்துல புதுசாக்கித் தாறேன்"னு அப்பத்தா தயாரா உக்காந்திருக்காங்க. யூடியூப்ல ஒருத்தர் ராத்திரி முழுக்க வினிகர்ல ஊறப்போடச் சொல்றார், இன்னொருத்தர் கொதிக்கிற தண்ணியில போடச் சொல்றார். எனக்கு இதைக் கண்ணாடி அலமாரியில வைக்கிற எண்ணம் இல்ல. தாத்தா சவரம் பண்ணினதுல நானும் பண்ணணும். கெடுக்காம எப்படிச் சுத்தம் பண்றது?

#2 மோல்மேன்_வாத்தியார் – மோல்மேன்

தம்பி, முதலில் அப்பத்தா கையைப் பிடித்து நிறுத்துங்கள். நீங்கள் சொன்ன மூன்று வழியும் வேண்டாம். புளி, ராத்திரி வினிகர், கொதிநீர் மூன்றுமே அழுக்கோடு சேர்த்து முலாமையும் எடுத்துக்கொண்டு போகும்.

முதல் வேலை அந்தப் பிளேடு. நீளப் பக்கம் இரண்டும்தான் வெட்டும். குறுகிய முனை இரண்டையும் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். ஒட்டிக்கொண்டிருந்தால் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஒரு ராத்திரி அப்படியே வையுங்கள், காலையில் தானாக விடும். கத்தி முனையால் நெம்பாதீர்கள். அடித்தட்டின் ஓரம் இம்மியளவு நசுங்கினாலும் பிறகு போடுகிற ஒவ்வொரு பிளேடும் கோணலாகத்தான் உட்காரும். எடுத்த பிளேடைத் தடித்த காகிதத்தில் சுற்றித் தகர டப்பாவில் போட்டுவிடுங்கள். குப்பை பொறுக்குகிற பிள்ளைகள் கை அறுபடக் கூடாது.

அடுத்து, கையில் இருப்பது என்ன உலோகம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஜில்லெட் 1903இல் விற்பனைக்கு வந்தது. அதிலிருந்து பல பத்தாண்டுகளுக்குப் பெரும்பாலானவற்றின் உடம்பு பித்தளைதான். மேலே வெள்ளி, தங்கம், நிக்கல் என்று ஏதோ ஒரு முலாம். லண்டனுக்கு மேற்கே ஐல்வொர்த்தில் அவர்களுடைய பெரிய தொழிற்சாலை 1937இல் வந்தது. உங்களுடையது அங்கே செய்ததாகவும் இருக்கலாம். அடித்தட்டின் ஓரத்தைப் பாருங்கள். சீப்புப் பல் மாதிரி வெட்டியிருந்தால் பெரும்பாலும் பழைய மாதிரி. பல் இல்லாமல் நேர் ஓரமாக இருந்தால் 1930களின் கடைசியில் வந்த 'டெக்' ஆக இருக்கும்.

ஒரு சிறு காந்தத்தை மூன்று துண்டிலும் தனித்தனியாக வைத்துப் பாருங்கள். இறுக்கமாக ஒட்டினால் உள்ளே இரும்பு, தண்ணீரில் ஊறவே விடக் கூடாது. ஒட்டாமல், கைக்கு எடையே இல்லாமல் இருந்தால் அலுமினியம். பிற்காலத்து டெக் சிலவற்றில் கைப்பிடி மட்டும் அலுமினியமாக இருக்கும். அலுமினியத்துக்குச் சோடாவும் ஆகாது, காரமான சலவைத் தூளும் ஆகாது. ஒரே குளியலில் கறுத்துப்போகும், அந்தக் கறுப்பு திரும்பப் போகாது.

பித்தளைதான் என்று உறுதியானால் வேலை எளிது. கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர், அதில் பாத்திரம் கழுவும் திரவ சோப்பு இரண்டு மூன்று சொட்டு. கால்மணி நேரம் ஊறட்டும். பிறகு குழந்தைகள் பல் துலக்கும் மென்மையான பிரஷ். மரை இடுக்கிலும் முத்திரை எழுத்துக்குள்ளும் பிரஷ் போகாது, அங்கே மூங்கில் சிராய் ஒன்றைக் கூராகச் சீவி வைத்துக்கொள்ளுங்கள். ஊசி, குண்டூசி எதுவும் வேண்டாம், இரும்பு கீறிவிடும். கழுவித் துடைத்துப் பாருங்கள். அழுக்கு இருந்தால் திரும்பவும் இதையே செய்யுங்கள். அழுத்தித் தேய்ப்பதைவிட இன்னொரு தடவை ஊறவைப்பது நல்லது. இந்தப் பழைய செட்டுகளில் இருப்பது முக்கால்வாசியும் காய்ந்த சோப்புதான். தண்ணீரிலுள்ள சுண்ணாம்போடு சேர்ந்து கெட்டிப்பட்டிருக்கும். சூடும் நேரமும் கொடுத்தால் இளகிவிடும்.

வினிகருக்கு ஓர் இடம் உண்டு. நிக்கல் முலாம் முழுசாக இருந்து, அதன் மேல் வெள்ளைச் சுண்ணாம்புப் படை மட்டும் விடாமல் இருந்தால், பாதி வினிகர் பாதி தண்ணீரில் பஞ்சை நனைத்து அந்த இடத்தில் மட்டும் ஒற்றி, ஓரிரு நிமிடத்தில் கழுவிவிடலாம். தங்கத்தின் மேல் வேண்டாம். பித்தளை தெரிகிற இடத்திலும் வேண்டாம்.

#3 தட்டோன்_அக்கா – தட்டோன்

வாத்தியாரய்யா சொன்னா மறுபேச்சு பேசக் கூடாதுதான். ஆனா எங்க கோயில் குத்துவிளக்கு எல்லாம் எங்க பாட்டி காலத்துலேருந்து புளி போட்டுத் துலக்கினதுதான். இன்னிக்கும் தகதகன்னு நிக்குது. பித்தளைக்குப் புளி ஆகாதுன்னா விளக்கு எப்படி நிக்குது? அந்தப் பச்சைக் களிம்பு சோப்புக்கெல்லாம் போகாது. ரங்கூன் தம்பி, உங்க அப்பத்தா தெரியாமச் சொல்லல.

#4 மோல்மேன்_வாத்தியார் – மோல்மேன்

அக்கா கேட்டது நியாயமான கேள்வி. பித்தளைக்குப் புளி ஆகாது என்று நான் சொல்லவில்லை. முலாமுக்குத்தான் ஆகாது.

குத்துவிளக்கு உள்ளும் புறமும் பித்தளை. புளியில் டார்டாரிக் அமிலம் இருக்கிறது. அது மேலே கறுத்த படையைக் கரைக்கிறது, சாம்பல் உராய்ந்து எடுக்கிறது. ஒவ்வொரு துலக்கலுக்கும் பித்தளை கொஞ்சம் தேய்கிறது. விளக்கில் அந்தத் தேய்மானம் தெரியாது, அவ்வளவு கனம். பாட்டி காலத்து விளக்கை எடுத்து அதன் பாதத்திலுள்ள பூ வேலையைப் புது விளக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள், இதழ் மழுங்கியிருக்கும். ஷேவிங் செட்டில் நாம் காப்பாற்ற வேண்டியது அந்த மேல் படை ஒன்றைத்தான். அதை எடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றும் இல்லை.

இன்னொன்று. முலாம் தேய்ந்த இடத்தில் அமிலம் நின்றால் பித்தளையிலுள்ள துத்தநாகம் முதலில் கரையும், செம்பு நிற்கும். அந்த இடம் இளஞ்சிவப்பாக மாறும். ராத்திரி வினிகரில் போட்டு எடுத்த செட்டுகளைச் சந்தையில் தூரத்திலிருந்தே அடையாளம் சொல்லிவிடலாம், தோல் உரிந்தது போல் திட்டுத் திட்டாகச் சிவந்திருக்கும்.

பச்சைக் களிம்புக்கு: சொட்டு எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவிடுங்கள். பிறகு மூங்கில் சிராயால் மெதுவாகத் தள்ளினால் பொடியாக உதிரும். அடியில் குழி விழுந்திருந்தால் அந்தக் குழி இருக்கத்தான் செய்யும். அதைத் தேய்த்துச் சமப்படுத்தப் போகக் கூடாது.

#5 நகைப்பட்டறை – யாங்கோன்

வாத்தியார் சொன்னது நூத்துக்கு நூறு. தொழில்காரனா நானும் கொஞ்சம் சொல்றேன்.

இந்த மாதிரி சாமான்ல தங்க முலாம் பெரும்பாலும் ஒரு மைக்ரான்கூட வராது. நம்ம தலைமுடி ஒண்ணு சுமாரா எழுபது மைக்ரான் தடிமன். கணக்குப் போட்டுப் பாத்துக்குங்க. திருநீறு போட்டு வெள்ளியைத் தேய்க்கறோமே, அதே திருநீறை இந்தத் தங்கத்து மேல நாலு தடவை அழுத்தித் தேச்சா போச்சு. பல்பொடி, டூத்பேஸ்ட்டு, சீயக்காய்த் தூள், பாத்திரம் துலக்குற பச்சை நாரு, எல்லாம் அதே கதிதான். சோப்புத் தண்ணி, பஞ்சு, விரல். இதைத் தாண்டித் தங்கத்துக்கு எதுவும் கிடையாது.

தங்க செட்டு சிலதுல முலாம் மேல தெளிஞ்ச வார்னிஷ் ஒரு பூச்சு இருக்கும். பழசாகி அது செதில் செதிலா உரியும்போது தங்கமே உரியுதுன்னு நினைச்சுப் பயந்துடுவாங்க. கொதிதண்ணி வேணாம்னு சொல்றதுக்கு இது ஒரு முக்கியக் காரணம். அந்தப் பூச்சு வெந்து வெள்ளையாப் பொரிஞ்சுடும். தின்னர், நகப்பூச்சு அழிக்கற தண்ணி, ரெண்டையும் கிட்டக் கொண்டுபோகாதீங்க.

வெள்ளி முலாம் செட்டு கையில இருந்து கறுத்துப்போச்சுன்னா தேய்க்க வேண்டியதே இல்ல. பீங்கான் கிண்ணத்துல அலுமினியத் தாள் விரிச்சு, செட்டு அந்தத் தாளைத் தொடுற மாதிரி வச்சு, சூடான தண்ணியில சமையல் சோடா ஒரு கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை கலந்து ஊத்துங்க. அழுகின முட்டை நாத்தம் லேசா வரும். பயப்பட வேணாம், கறுப்புல இருக்கற கந்தகம் கழண்டு போற வாசனை அது. கறுத்தது திரும்ப வெள்ளியாவே மாறுது, வெள்ளி கரையறதில்ல. இது வெள்ளிக்கு மட்டும்தான். நிக்கலுக்கு இதால பிரயோஜனம் இல்ல.

கடைசியா ஒண்ணு. புதுசா முலாம் போட்டுத் தரச்சொல்லி என்கிட்ட வர்றாங்க. போடலாம். நகைக்குப் போடுற ரோடியம்கூடப் போடலாம், இங்கிலாந்துல செஞ்ச ஜில்லெட் அரிஸ்டோக்ராட் செட்டு சிலதுக்கு அந்தக் காலத்துலயே ரோடியம்தான் போட்டாங்க. ஆனா போடறதுக்கு முன்னாடி பழசை எடுத்து, பஃப் சக்கரத்துல மெருகு போட்டாகணும். அந்தச் சக்கரத்துல கைப்பிடியோட சொரசொரப்பு மழுங்கும், எழுத்தோட கூர் போகும். கைப்பிடி ஈரத்துல வழுக்காம இருக்கறதே அந்தச் சொரசொரப்பாலதான். அதனால முலாம் முக்காவாசி போயிட்டதுன்னா மட்டும் யோசிங்க. தம்பி, நீங்க சொல்றதைப் பாத்தா உங்களோடது அப்படியே இருக்கட்டும். உங்க தாத்தா விரல் பட்டுத் தேஞ்ச இடத்தை நான் எதுக்குத் தங்கம் போட்டு மூடணும்?

#6 பெகு_சைக்கிள்கடை – பெகு

திருகு செட்டைப் பத்தி யாரும் பேசலியே. தம்பி, அது மாட்டிக்கிட்டு நிக்கிறது துருவால இருக்காது. பழைய சோப்பு உள்ள போய் இறுகியிருக்கும். பிளையர்ஸ் எடுக்காதீங்க. குமிழ் ஓரத்துல பல் பட்ட தழும்போட வர்ற செட்டு எத்தனையோ பாத்துட்டேன்.

வாத்தியார் சொன்ன சூட்டுல சோப்புத் தண்ணி ஒரு டம்ளர். செட்டைத் தலைகீழா நிறுத்துங்க, தலை முழுகணும். அரைமணி கழிச்சு எடுத்து உதறி, தண்ணி மாத்தித் திரும்பவும் நிறுத்துங்க. தண்ணி கலங்கி வர்ற வரைக்கும் உள்ள சோப்பு இருக்குன்னு அர்த்தம். தெளிஞ்சதும் நல்லாக் காயவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் ஊசி முனையில எடுத்து மூணு இடத்துல வைங்க. குமிழுக்கும் கைப்பிடிக்கும் நடுவுல ஒண்ணு, கதவு ரெண்டும் ஆடுற அச்சு முனையில ஒவ்வொண்ணு. தலைகீழாவே ஒரு ராத்திரி கிடக்கட்டும். காலையில பழைய சைக்கிள் டியூப்ல ஒரு துண்டு வெட்டிக் குமிழைச் சுத்திப் பிடிச்சு, முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமா அசைங்க. ஒரே பக்கமா முறுக்காதீங்க. அசைவு கிடைச்சதும் எண்ணெய் இன்னொரு சொட்டு.

தேங்காண்ணை ஊத்தாதீங்க. நாளாச்சுன்னா பிசின் மாதிரி ஆயிடும், திரும்ப மாட்டும். டபிள்யூடி-40 ஸ்ப்ரே ஈரத்தையும் அழுக்கையும் விரட்டும், நல்லதுதான். ஆனா அதை மட்டும் அடிச்சுட்டு எண்ணெய் போட்டாச்சுன்னு நினைக்கக் கூடாது, பின்னாடி நிஜ எண்ணெய் போட்டாகணும்.

கழட்டிப் பாக்கலாமான்னு கை துறுதுறுக்கும். வேணாம். கதவு முனைகளை அடிச்சு மடக்கித்தான் பூட்டியிருப்பாங்க. பிரிச்சா பழையபடி ரெண்டு கதவும் ஒரே மட்டத்துல மூடாது.

#7 சிரியம்_கரை – தன்லியின்

ஐயா, ஒரு சந்தேகம். பித்தளை பாலிஷ் தண்ணி டப்பாவுல வருதே, பழைய பட்டாளத்து ஆளுங்க பொத்தான் துடைக்கிறது. பித்தளை தெரியிற கைப்பிடிக்கு அது போடலாமா? எங்கிட்ட இருக்கற செட்டுல முலாமே இல்ல, முழுக்க மஞ்சள்.

#8 மோல்மேன்_வாத்தியார் – மோல்மேன்

மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டு போங்கள். கண்ணில் நீர் வரும்படி காட்டமான நெடி அடித்தால் அதில் அமோனியா இருக்கிறது. வேண்டாம்.

காரணம் சொல்கிறேன். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் சேமித்து வைத்தது. மழைக்காலத்தில் அந்தப் பித்தளைத் தோட்டாக் குழாய்கள் யாரும் தொடாமலே வெடிப்பு விட்டன. அதற்கான முழு விளக்கம் 1921இல்தான் வந்தது. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியா ஈரக்காற்றில் கலந்து பித்தளையைத் தாக்கியிருக்கிறது. எல்லாப் பித்தளையையும் இல்லை, அழுத்தி இழுத்துச் செய்ததால் உள்ளுக்குள் இறுக்கம் தங்கியிருக்கும் பித்தளையைத்தான். மெல்லிய குழாயை இழுத்து, இறுக்கிப் பொருத்திச் செய்த பழைய ஷேவிங் செட் கைப்பிடியும் அதே வகைதான். பழைய ஜில்லெட் கைப்பிடிகளில் நீளவாக்கில் முடி போன்ற வெடிப்பு காண்பது மிகச் சாதாரணம். ஏற்கெனவே இறுக்கத்தில் இருக்கும் குழாய்க்கு நாமே அமோனியாவை ஊட்ட வேண்டாம். கண்ணாடி துடைக்கும் நீலத் தண்ணீர் சிலவற்றிலும் அது உண்டு, லேபிளைப் படியுங்கள்.

முலாமே இல்லாத பித்தளை என்றால் அமோனியா இல்லாத நைசான பசை கிடைக்கிறது. மெல்லிய பருத்தித் துணியில் கடுகளவு எடுத்து லேசாகத் துடைத்து, சோப்புத் தண்ணீரில் கழுவிவிடுங்கள். ஒரு வாரத்தில் திரும்ப மங்கும். மங்கலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், சவரத்துக்கு அது தடையில்லை.

குளோரின் வெளுப்பான் பற்றி யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன். கிருமி போகும் என்று அதில் ஊறவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நிக்கல், பித்தளை, இரும்பு மூன்றையும் அரித்துக் குழி போட்டுவிடும்.

#9 மருந்துக்கடை – யாங்கோன்

கிருமி பத்தி நான் சொல்றேன். சொந்தத் தாத்தாவோடதுன்னாலும், சந்தையில வாங்கினதுன்னாலும் இதைச் செஞ்சுட்டுத்தான் முகத்துல வைக்கணும். ஹெபடைடிஸ் பி வைரஸ் காஞ்ச ரத்தத்துல, உடம்புக்கு வெளிய குறைஞ்சது ஏழு நாள் உயிரோட இருக்கும். பல வருசம் பெட்டியில கிடந்ததுல அது இருக்காது. ஆனா சந்தைக்காரர் போன வாரம் யார்கிட்ட வாங்கினார், எப்ப வாங்கினார்னு நமக்குத் தெரியாதில்லையா.

சோப்புத் தண்ணியில முழுசா அழுக்குப் போன பிறகு எழுபது சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல பத்து நிமிசம். அழுக்கு இருக்கும்போதே ஆல்கஹால் ஊத்தினா அழுக்குக்கு அடியில இருக்கறதுக்குப் போய்ச் சேராது. எழுபது சதவீதம்தான் வேணும், தொண்ணூறுக்கு மேல உள்ளது வேகமா ஆவியாயிடும், அதோட கிருமியைக் கொல்ல அதுல கொஞ்சம் தண்ணியும் தேவை. நகைப்பட்டறை அண்ணன் சொன்ன வார்னிஷ் பூசின செட்டா இருந்தா ஊறப்போடாம, சோப்புக் குளியலையே ரெண்டு தடவை பண்ணிட்டு, தோல்ல படுற தலைப்பகுதியை மட்டும் ஆல்கஹால் பஞ்சால துடைச்சுக்கலாம். பக்கத்துல அடுப்பு, ஊதுபத்தி எதுவும் வேணாம்.

ஒரு வீட்டுல ரெண்டு பேர் ஒரே செட்டுல சவரம் பண்ணாதீங்க, பிளேடு மாத்தினாலும் சரி.

#10 ரங்கூன்பேரன் – தாம்வே, யாங்கோன்

எல்லாரும் இவ்வளவு தூரம் எழுதினதுக்கு நன்றி. அப்பத்தாவுக்கு வாத்தியாரய்யா பதிவை வாசிச்சுக் காட்டினேன். பூ வேலை மழுங்குற விசயத்தைக் கேட்டதும் எந்திரிச்சுப்போய்ச் சாமி விளக்கைத் தடவிப் பாத்துட்டு, "சரி, சோப்பே போடு"ன்னுட்டாங்க.

மூணு துண்டு செட்டு: பிளேடு எண்ணெயில ஊறி விட்டுடுச்சு. முதல் தண்ணி சாம்பல் நிறத்துல வந்துது, மேல பாலாடை மாதிரி ஒரு படலம். அப்புறம் அடித்தட்டுல இருந்த அழுக்குக்கு அடியிலேருந்து வைரக் கட்டமும் அதுக்குள்ள அம்பும் தெரிஞ்சுது. எழுத்து ஒவ்வொண்ணுலயும் சோப்பு அடைச்சிருந்துது, மூங்கில் சிராய் வச்சுத் தள்ளத் தள்ளச் சின்னப் புழு மாதிரி வந்துது. ஓரம் நேரா இருக்கு, பல் இல்ல. அப்ப இது டெக்தானே ஐயா? மரைக்குக் கீழ களிம்பு போன இடத்துல ரெண்டு சின்னக் குழி. விட்டுட்டேன்.

திருகு செட்டு ரெண்டாவது நாள் அசைஞ்சுது. சைக்கிள்கடை அண்ணே, கதவு திறந்ததும் உள்ள பாதி சோப்புதான். தலைக்கு அடியில ஏ 2ன்னு ரொம்பச் சின்னதா வெட்டியிருக்கு. மேட் இன் யூஎஸ்ஏ. தாத்தா துறைமுகத்துல வேலை பாத்தவர், கப்பல்காரங்க யாராவது கொடுத்திருப்பாங்க.

சந்தேகம் ஒண்ணு. டெக்ல புது பிளேடு போட்டு இறுக்கினா ஒரு பக்கம் பிளேடு கொஞ்சம் அதிகமா நீட்டிக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கு.

#11 மோல்மேன்_வாத்தியார் – மோல்மேன்

டெக்தான். மற்றது 1955ஆம் ஆண்டு இரண்டாம் காலாண்டில் செய்தது. அமெரிக்காவில் செய்தவற்றில் 1950களில் எழுத்து ஆண்டையும் எண் காலாண்டையும் காட்டும். ஏ என்பது 1955. சூப்பர் ஸ்பீட் என்று 1947இல் வந்த வரிசையாக இருக்க வேண்டும்.

பிளேடு நீட்டுவதற்கு மூன்று காரணம் இருக்கலாம். எளியதிலிருந்து பாருங்கள். மூடியின் அடியில் இருக்கும் முனைகளிலும் தட்டின் துளைகளிலும் இன்னும் சோப்புத் துணுக்கு ஒட்டியிருக்கும். பெரும்பாலும் இதுதான், மூங்கில் சிராயை அங்கே விடுங்கள். அடுத்தது, பொருத்தும் முறை. மூடியைக் கவிழ்த்துப் பிடித்து, பிளேடை வைத்து, தட்டை வைத்து, பிளேடின் குறுகிய முனை இரண்டையும் விரலால் நடுவுக்குப் பிடித்துக்கொண்டே கைப்பிடியைத் திருக வேண்டும். பழைய செட்டுகளில் துளைக்கும் முனைக்கும் நடுவே கொஞ்சம் இடம் விட்டிருக்கும், கை விட்டால் நகரும். இரண்டும் சரியாக இருந்தும் நீட்டினால் தட்டை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் கவிழ்த்து வைத்து விரலால் மூலைகளை அழுத்துங்கள். ஆடினால் தட்டு வளைந்திருக்கிறது, எப்போதோ கீழே விழுந்திருக்கும்.

வளைவை நிமிர்த்தலாமா என்று கேட்பீர்கள். சீப்புப் பல் மாதிரியில் ஒரே ஒரு பல் லேசாக வளைந்திருந்தால், துணி சுற்றிய மரக்குச்சியால் மெல்ல ஒரே ஒரு தடவை அழுத்திப் பார்க்கலாம். முன்னும் பின்னும் வளைத்தால் பித்தளை அசதியாகி ஒடிந்துவிடும். முழுத் தட்டே முறுக்கியிருந்தால் விட்டுவிட்டு வேறு டெக் தட்டு ஒன்று தேடுங்கள். டெக் லட்சக்கணக்கில் செய்த சாமான், தட்டு கிடைக்கும்.

கைப்பிடியையும் வெளிச்சத்தில் சுழற்றிப் பாருங்கள். நீளவாக்கில் மயிரிழை வெடிப்பு இருந்தால் இறுக்கித் திருகாதீர்கள்.

#12 ரங்கூன்பேரன் – தாம்வே, யாங்கோன்

துணுக்குதான் ஐயா! ஒரு துளையில கெட்டியா ஒட்டியிருந்துது. இப்ப ரெண்டு பக்கமும் ஒரே அளவு தெரியுது.

பெட்டி பத்தி யாராவது சொல்லுங்க. வெளிய கறுப்புத் தோல் மாதிரி, உள்ள நீல வெல்வெட்டு. பூசணம் புள்ளி புள்ளியா இருக்கு. ஈரத்துணி போட்டுத் துடைக்கலாமா?

#13 தட்டோன்_அக்கா – தட்டோன்

இது என் வேலை, நான் தையல்காரி. ஈரத்துணி வைக்கவே வைக்காதீங்க தம்பி. வெல்வெட்டுக்கு அடியில அட்டையும் மரமும் பசை போட்டு ஒட்டியிருக்கும், ஈரம் பட்டா பசை இளகி வெல்வெட்டு மேல கறை எழும்பும். சாயமும் ஓடும்.

காத்தோட்டமான எடத்துல, மூக்குல துணி கட்டிக்கிட்டு, வீட்டுக்கு வெளிய நின்னு, காஞ்ச மென்மையான பிரஷ்ஷால வெல்வெட்டு மயிர் படிஞ்சிருக்கற திசையிலயே நீவுங்க. எதிர்த் திசையில நீவினா மயிர் உதிரும். காலை வெயில்ல கொஞ்ச நேரம் திறந்து வைங்க, உச்சி வெயில்ல வச்சா நீலம் வெளுத்துடும். இதை ரெண்டு மூணு நாள் பண்ணினா பூசண வாடை போயிடும்.

வாத்தியாரய்யா சொன்ன பிறகு நானும் எங்க பாட்டி விளக்கைப் பாத்தேன். பாதத்துல தாமரை இதழ் இருந்த இடம் இப்ப வழவழன்னு இருக்கு. புது விளக்குக்கு இனிமே நல்ல நாள் பெரிய நாளுக்கு மட்டும் புளின்னு சொல்லிட்டேன்.

#14 மோல்மேன்_வாத்தியார் – மோல்மேன்

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பெட்டி சுத்தமானாலும் ஷேவிங் செட்டை அதற்குள் வைத்துப் பூட்டாதீர்கள். களிம்புக்குப் பாதிக் காரணமே அந்தப் பெட்டிதான். தோலும் பழைய பசையும் ஈரத்தை இழுத்து வைத்து மெல்லிய அமிலத்தைக் கசியவிடும். எங்கள் ஊரில் வருடத்துக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை, ஆடி ஆவணியில் சுவரே வியர்க்கும். பெட்டியைத் தனியே, செட்டைத் தனியே வையுங்கள். சவரம் முடிந்ததும் கழுவி, பிளேடை எடுத்து, துடைத்து, காற்றில் நிறுத்துங்கள். நாள்கணக்கில் எடுக்காத செட் என்றால் இறுக மூடும் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு.

தண்ணீர்க் கறை பிடிக்கிறது என்றால் கடைசி அலசலுக்கு மழைநீர் நல்லது, சுண்ணாம்பு இருக்காது. பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் வாங்குகிறவர்கள் லேபிளைக் கவனித்து வாங்குங்கள், அதே அலமாரியில் ஆசிட்டும் நிற்கும்.

#15 வியாசர்பாடிக்காரன் – சென்னை

படிச்சுக்கிட்டே வந்தேன், எழுதாம இருக்க முடியல. எங்க ஐயா 1960கள்ல ரங்கூன்லேருந்து கப்பல் ஏறினப்போ நகையும் பணமும் கொண்டுவர விடல. ஷேவிங் செட்டை யாரும் கேக்கல. அது இன்னும் எங்கிட்ட இருக்கு. கைப்பிடி உலோகம் இல்ல, தேன் நிறத்துல ஏதோ பிளாஸ்டிக் மாதிரி. அதுக்கும் இதே சோப்புத் தண்ணிதானா?

#16 மோல்மேன்_வாத்தியார் – மோல்மேன்

ஐயா, அதை மட்டும் ஊறவைத்துவிடாதீர்கள். அந்தக் காலத்துப் பிளாஸ்டிக்கில் மூன்று வகை வரும். கட்டை விரலால் சூடு ஏறும்வரை தேய்த்து முகர்ந்து பாருங்கள். ஆஸ்பத்திரிக் கார்பாலிக் நெடி வந்தால் பேக்கலைட், ஈரத்துணியால் துடைத்துக் காயவிடலாம். கற்பூர வாசனை வந்தால் செல்லுலாய்டு. சட்டென்று தீப்பிடிக்கும், நெருப்புப் பக்கமே கூடாது. பழசாகும்போது அது விடுகிற ஆவி பக்கத்திலுள்ள உலோகத்தை அரிக்கும், அதனால் தனியாக வைக்க வேண்டும். பால் தீய்ந்த வாடை வந்தால் அது பாலின் புரதத்தில் செய்த கேசின். தண்ணீரில் ஊறினால் உப்பி வெடிக்கும். எதுவென்று தெரியும்வரை பிழிந்த துணியால் துடைத்து உடனே உலர்த்துவது மட்டும் போதும். தலைப்பகுதி தனியாகக் கழன்றால் அதற்கு மட்டும் சோப்புக் குளியல்.

#17 சிரியம்_கரை – தன்லியின்

பான்சோடான் தெருவுல ஒருத்தர் ரோல்ஸ் ரேசர் வச்சிருக்கார், கத்தியைத் தீட்டுற நிக்கல் பெட்டியோட. ரெண்டு பக்கமும் மூடி, ஒண்ணுல கல்லு, ஒண்ணுல தோல். வாங்கலாமா?

#18 மோல்மேன்_வாத்தியார் – மோல்மேன்

வாங்குவதற்கு முன் கல் உடையாமல் இருக்கிறதா, தோல் வெடிக்காமல் இருக்கிறதா பாருங்கள். லண்டனில் செய்தது, அந்தக் கம்பெனி 1964இல் முடங்கிப்போனது. கத்தி அதனுடையதுதான் போட வேண்டும், இன்றைய பிளேடு அதில் ஏறாது. பெட்டியைத் தண்ணீரில் முக்காதீர்கள், தோலைப் பிடித்திருக்கும் பசை விட்டுவிடும். வெளியே நிக்கலை ஈரத்துணியால் துடைத்து உலர்த்தினால் போதும். கத்தி ஓடுகிற தடத்துக்கு மெஷின் எண்ணெய் ஒரு துளி. தினமும் தீட்டப் பொறுமை உள்ளவருக்கு அருமையான சாமான்.

#19 ரங்கூன்பேரன் – தாம்வே, யாங்கோன்

கடைசிக் கேள்வி, ரெண்டு செட்டுக்கும் இப்ப கடையில கிடைக்கிற சாதாரண பிளேடு போதும்தானே? டெக்ல போட்டது நல்லா உக்காந்துது.

#20 பெகு_சைக்கிள்கடை – பெகு

போதும் தம்பி. இரட்டை ஓரப் பிளேடு நடுவுல வெட்டியிருக்கற வடிவம் பழைய மூணு துண்டு செட்டுக்கும் பொருந்தும், திருகு செட்டுக்கும் பொருந்தும். திருகு செட்டுல கதவு மூடினதும் வெளிச்சத்துக்கு எதிரே பிடிச்சு ரெண்டு ஓரத்துலயும் இடைவெளி சமமான்னு பாத்துக்குங்க. குமிழைக் கடைசி வரை முறுக்க வேணாம், கைக்கு இறுகினது தெரிஞ்சதும் நிறுத்துங்க. எடை செட்டுலயே இருக்கு, கையால அழுத்தாதீங்க. தாடையோரம் முடி எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கமாவே முதல் இழுப்பு. அப்பத்தாகிட்டக் காட்டிட்டு எப்படி இருந்துதுன்னு எழுதுங்க.